முப்பத்தெட்டு கண் முகாம் ஃபாரத்தையும் எழுதினது நான்தான்

†

அனுப்புநர்:
ஆ. தேவகிருபை, வயது 56,
க/பெ. ஆலன் (காலமானார்),
4/112, சர்ச் தெரு,
மாதனூர் அஞ்சல், ஆம்பூர் வட்டம்,
திருப்பத்தூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருப்பத்தூர்.

பொருள்: காலணித் தொழிற்சாலையில் 18.07.2025 அன்று நடந்த கண் முகாமில் 38 பெண்களின் ஃபாரங்களை நான் ஒருத்தியே எழுதியது – அதில் உள்ள தவறான பதிலுக்காக என் அண்ணன் மகள் ஐ. ஃபீபி மீது 20.02.2026 அன்று நடக்கவுள்ள விசாரணையை நிறுத்தக் கோருதல் – கண்ணுக்கு மருந்து விட்டு முறையாகப் பரிசோதனை நடத்தக் கோருதல் – சம்பந்தமாக.

பார்வை: கம்பெனி மெமோ, நாள் 03.02.2026.

மதிப்பிற்குரிய ஐயா,

ஆண்டவர் கிருபையால தாங்களும் தங்கள் குடும்பமும் சுகமா இருக்க வேண்டிக்கிட்டு, தாழ்மையுடன் எழுதிக்கொள்வது.

போன வியாழக்கிழமை மனு நாளைப் பத்தி விசாரிக்க தங்கள் ஆபீசுக்கு வந்திருந்தேன். வாசல்ல மனு எழுதித் தர்றவர் ஒருத்தர், "குடும்மா, நல்ல தமிழ்ல டைப் அடிச்சுத் தர்றேன், பத்து நிமிஷம்"னு கூப்பிட்டார். வேணாம்னுட்டேன். இந்த மனு என் கையாலயே எழுதின மனுவா இருக்கணும். ஏன்னு பின்னால வரும். நான் எட்டாவது வரைக்கும் மிஷன் ஸ்கூல்ல படிச்சவ. எழுத்து அழகா வரும், இலக்கணம் வராது. பேசற மாதிரியே எழுதறதுக்கு தாங்கள் பெரிய மனசு பண்ணிப் பொறுத்துக்கணும்.

1. நான் ஆம்பூர் பக்கத்துல ஒரு ஷூ கம்பெனியில இருபத்தேழு வருஷமா வேலை செய்றேன். கம்பெனி பேரும் விலாசமும் தனித் தாள்ல வச்சிருக்கேன். நாலு பேர் நடுவுல அந்தப் பேரைப் படிக்க வச்சு அசிங்கப்படுத்த எனக்கு இஷ்டம் இல்ல. அவங்க போட்ட சோத்துலதான் நானும் வளர்ந்தேன், என் அண்ணன் குடும்பமும் வளர்ந்துச்சு. என் வேலை ஜோடி பார்க்கறது. அதாவது வலது ஷூவையும் இடது ஷூவையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, தோல் நிறம், தையல், மடிப்பு எல்லாம் ஒண்ணா இருக்குதான்னு பார்த்து அனுப்பறது. ஒண்ணு மட்டும் நல்லா இருந்து பிரயோசனம் இல்ல ஐயா. ஒத்தை ஷூவை யார் வாங்குவாங்க?

2. இந்த வேலை போக எனக்கு இன்னொரு வேலையும் உண்டு, சம்பளம் இல்லாத வேலை. எங்க லைன்ல என்னையும் சேர்த்து முப்பத்தெட்டு பொம்பளைங்க. பாதிப் பேர் மாதனூர் சுத்துப்பட்டு ஊர்க்காரங்க, பாதிப் பேர் ஆம்பூர்ல இருந்து வர்ற முஸ்லிம் வீட்டுப் பொண்ணுங்க. அவங்கள்ல உருது எழுதத் தெரிஞ்சவங்க இருக்காங்க, தமிழ் எழுத வராது. அதனால லீவு லெட்டர், பி.எஃப். ஃபாரம், புள்ளைங்க ஸ்கூல் அப்ளிகேஷன், ரேஷன் கார்டுல பேர் சேர்க்கறது, எது வந்தாலும் "கிருபாக்காகிட்ட குடு"ன்னுவாங்க. நானும் சந்தோஷமா எழுதித் தருவேன். அதுல எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்துச்சு. மறைக்காம சொல்லிடறேன்.

3. 2025 ஜூலை 18, வெள்ளிக்கிழமை கண் முகாம். அந்த வாரம் கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு நிறைய பாக்கி. முகாம்காரங்க மருந்து பாட்டிலோடதான் வந்தாங்க, நான் பார்த்தேன். அதைக் கண்ணுல விட்டா கண்பாப்பா நல்லா விரியும், அப்பதான் கண்ணோட பின்சுவர் வரைக்கும் லைட் அடிச்சுப் பார்க்க முடியும்னு அவங்கள்ல ஒரு பொண்ணு சொல்லுச்சு. ஆனா மருந்து விட்டா நாலஞ்சு மணி நேரம் கிட்டத்துல எதுவும் தெரியாது. ஊசி தெரியாது, தையல் தெரியாது, லைன் நின்னுடும். அதனால பெரிய ஆபீஸ்ல இருந்து மருந்து வேணாம்னு சொல்லிட்டாங்க. ரெண்டு கண்ணையும் திறந்து வச்சுக்கிட்டு அட்டையைப் படிக்கச் சொன்னாங்க. ஆளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகல. வரிசையா போனோம், வரிசையா வந்தோம். போட்டோ எடுத்தாங்க. எல்லாருக்கும் ஒரு வாழைப்பழம் குடுத்தாங்க.

4. அதுக்கு முன்னாடி ஆளுக்கு ஒரு ஃபாரம். எங்க லைன் சூப்பர்வைசர் நசீர் அகமது தம்பி ஒரு கட்டு கொண்டாந்து, "அக்கா, சாப்பாட்டு பெல்லுக்குள்ள முடிச்சிடுங்க, உங்களை விட்டா எனக்கு கதி இல்ல"ன்னார். நல்ல மனுஷர் அவர், அவர் மேலே எனக்குப் புகார் இல்ல. ஃபாரத்துல அஞ்சு கேள்வி இருந்துச்சு:

கண்ணாடி போடறீங்களா, பவர் எவ்வளவு?
சர்க்கரை, பிரஷர் இருக்கா?
குடும்பத்துல யாருக்காவது பார்வை போயிருக்கா?
கண்ணுல அடி பட்டிருக்கா, ஆபரேஷன் ஆயிருக்கா?
கண்ணுல மின்னல் அடிக்கற மாதிரி, பூச்சி பறக்கற மாதிரி தெரியுதா?

ஐயா, அஞ்சு கேள்விக்கும் முப்பத்தெட்டு பேருக்கும் "இல்லை", "இல்லை", "இல்லை"ன்னு மேலிருந்து கீழே எழுதிக்கிட்டே போனேன். யாரையும் கூப்பிட்டுக் கேக்கல. கடைசியில கையெழுத்து இடத்துல அவங்கவங்க பேரையும் டோக்கன் நம்பரையும் நானே போட்டுட்டேன். சாப்பாட்டு பெல் அடிக்கறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே கட்டைத் திருப்பிக் குடுத்துட்டேன்.

5. ஏன் அப்படி எழுதினேன்னு கேப்பீங்க. நேரம் இல்லைங்கறது ஒரு காரணம். பெரிய காரணம் வேற. வியாதி இருக்குன்னு வாயால சொன்னாலோ பேனாவால எழுதினாலோ அதுக்கு நாமளே கதவைத் திறந்து விடற மாதிரின்னு எங்க ஜெபக்கூட்டத்துல பேசிக்குவோம். "இல்லை"ன்னு விசுவாசமா அறிக்கை பண்ணினா இல்லாமலே போகும்னு நான் மனசார நம்பினேன். ஒவ்வொரு ஃபாரத்துலயும் "இல்லை"ன்னு எழுதும்போது அந்தப் பொண்ணு பேரைச் சொல்லி ஒரு சின்ன ஜெபமும் பண்ணினேன். முப்பத்தெட்டு பேருக்கும் பண்ணினேன். இன்னிக்கும் ஜெபத்து மேலே எனக்கு இருக்கற நம்பிக்கை ஒரு நூல்கூட கம்மி ஆகல. ஆனா டாக்டர் கேக்கற கேள்வியும் சாத்தான் கேக்கற கேள்வியும் ஒண்ணு இல்லைன்னு எனக்குப் புரிய நாலு மாசம் ஆச்சு.

6. என் அண்ணன் ஐசக்கோட பொண்ணு ஃபீபிக்கு வயசு இருபத்தாறு. அதே லைன்ல அப்பர் தைக்கிறா. அப்பர்ங்கறது ஷூவோட மேல்பாகம். எட்டு வயசுல இருந்து கண்ணாடி. மைனஸ் பன்னெண்டு பவர். ஊதா கலர் ஃப்ரேம்ல சோடா பாட்டில் அடி மாதிரி தடிக் கண்ணாடி. கேட்ல இருக்கற செக்யூரிட்டியைக் கேட்டாலும் "ஊதா கண்ணாடிப் பொண்ணா"ன்னுவார்.

2025 நவம்பர் 11, செவ்வாய்க்கிழமை. மெஷின்ல உக்காந்திருக்கும்போது அவளுக்கு வலது கண்ணு ஓரத்துல பளிச் பளிச்சுன்னு மின்னல் அடிச்சிருக்கு. கருப்புப் பொடி பொடியா ஏதோ மிதந்திருக்கு. தோல் தேய்க்கற இடத்துல இருந்து தூசி வந்துச்சுன்னு நினைச்சு மூஞ்சி கழுவிட்டு வந்திருக்கா. போகல. நசீர் தம்பிகிட்ட சொன்னா, அவர் மெடிக்கல் ரூமுக்கு அனுப்பினார். அங்கே இருந்த நர்சம்மா ஃபைலை எடுத்துப் பார்த்துட்டு, "ஜூலையிலதான் பார்த்திருக்கு, எல்லாத்துக்கும் இல்லை இல்லைன்னு இருக்கே. தூக்கம் கம்மியா இருக்கும்"னு சொல்லி சொட்டு மருந்து விட்டு அனுப்பிட்டாங்க. வெளியே ஆஸ்பத்திரிக்குப் போக கேட் பாஸ் கேட்டதுக்கு, எல்லாம் நார்மல்னு இருக்கறவளுக்கு ஷிப்மென்ட் வாரத்துல பாஸ் கிடையாதுன்னுட்டாங்க. அன்னிக்கு அவளுக்கு கேட்டை மூடினது என் பேனாதான் ஐயா. செக்யூரிட்டியைக் குத்தம் சொல்ல மாட்டேன்.

சாயந்திரம் கம்பெனி பஸ்ல என் பக்கத்துலதான் உக்காந்து வந்தா. "அத்தை, கண்ணுல பட்டாசு வெடிக்குது"ன்னா. நான் கண்ணு மேலே கையை வச்சு ஜெபம் பண்ணிட்டு, படுத்துத் தூங்குன்னு சொன்னேன். ரெண்டாவது தப்பு அது. அதையும் எழுதிட்டேன்.

7. வெள்ளிக்கிழமை, 14ஆம் தேதி, மத்தியானம். நூல் அறுந்து போச்சுன்னு ஊசியில நூல் கோக்கப் போயிருக்கா. நூல் கோக்கும்போது எங்க பொண்ணுங்க எல்லாரும் ஒரு கண்ணை மூடிக்குவாங்க, அது பழக்கம். இவ இடது கண்ணை மூடியிருக்கா. ஊசியைக் காணோம். மெஷின் பாதியைக் காணோம். கீழே மூக்கோரத்துல இருந்து கருப்புத் திரை நடு வரைக்கும் ஏறி நின்னிருக்கு. ரெண்டு கண்ணும் திறந்திருந்தா நல்ல கண்ணு மத்த கண்ணுக்கும் சேர்த்துப் பார்த்துக்குது ஐயா. அதனால நாலு நாள் திரை ஏறினது அவளுக்கே தெரியல. ஜூலையில ரெண்டு கண்ணையும் திறந்து வச்சு அட்டை படிக்க வச்சாங்கன்னு எழுதினேனே, அந்தச் சோதனையோட லட்சணம் இதுதான். நாங்ககூட ஷூவை ஒவ்வொண்ணா கையில எடுத்துத்தான் பார்ப்போம்.

8. மறுநாளே வேலூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். அண்ணனும் வந்தார். டாக்டரம்மா மருந்து விட்டு, நெத்தியில லைட் கட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க. விழித்திரை பிரிஞ்சுடுச்சுன்னாங்க. எனக்கு அது புரியல. அவங்க சுவத்துல பெயின்ட் உரியற மாதிரின்னு சொன்னாங்க. நான் என் பாஷையில புரிஞ்சுக்கிட்டேன்: ஷூவுக்குள்ள லைனிங் ஒட்டியிருக்கும். எங்கேயோ ஒரு சின்ன ஓட்டை விழுந்து அது வழியா தண்ணி புகுந்தா, லைனிங் தோலை விட்டுப் பிரிஞ்சு எழும்பிக்கும். கண்ணுக்குள்ளயும் அப்படித்தான். பவர் ஜாஸ்தி இருக்கற கண்ணு நீளமா இருக்குமாம், உள்ளே இருக்கற திரை இழுபட்டு மெலிசாயிடுமாம். அது கிழியறதுக்கு முன்னாடி வர்ற சத்தம்தான் அந்த மின்னல். மின்னல் வந்த அன்னிக்கே வந்திருந்தா, லேசர்லயே கிழிசலைச் சுத்தி ஒட்டியிருக்கலாம், ஆபரேஷன் வரைக்கும் போயிருக்காதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. இப்ப நடுப்பகுதியும் பிரிஞ்சுடுச்சு, பார்வை எவ்வளவு திரும்பும்னு உறுதி சொல்ல முடியாதுன்னாங்க. அவங்க கோவப்படல. கோவப்பட்டிருந்தா எனக்குக் கொஞ்சம் நல்லா இருந்திருக்கும்.

அப்புறம் அண்ணனைப் பார்த்து, "உங்க கண்ணு எப்படிய்யா போச்சு?"ன்னு கேட்டாங்க. அண்ணனுக்கு இடது கண்ணு நாப்பத்து மூணு வயசுலயே போயிடுச்சு. அவர் தோல் ஷாப்புல தொட்டி வேலை பார்த்தவர், பச்சைத் தோலைச் சுண்ணாம்புல ஊற வைக்கற தொட்டி. சுண்ணாம்புத் தண்ணி தெறிச்சு கண்ணு போச்சுன்னுதான் எங்க வீட்ல எல்லாரும் சொல்லுவோம். இந்தப் பக்கத்துல யாருக்குக் கண்ணு போனாலும் சுண்ணாம்பு, யாருக்கு மூச்சு இழுத்தாலும் தோல் தூசி. வேற காரணம் யாரும் தேட மாட்டோம். டாக்டரம்மா விடாம கேட்டாங்க. அண்ணன் யோசிச்சு, யோசிச்சு, "முதல்ல மின்னல் அடிச்சுதும்மா, பின்னால திரை விழுந்துச்சு, சுண்ணாம்பு தெறிச்சது அதுக்கு முந்தின வருஷம்"னார். பதினெட்டு வருஷமா சுண்ணாம்பு மேலே பழி போட்டுட்டு இருந்தோம். அது எங்க குடும்பத்துல ஓடற வியாதி. மூணாவது கேள்விக்கு நான் எழுதின "இல்லை" அப்படி ஒரு "இல்லை".

9. திங்கக்கிழமை, 17ஆம் தேதி ஆபரேஷன். கண்ணுல மூணு ஊசி முனை ஓட்டை போட்டு, உள்ளே இருக்கற கூழை எடுத்துட்டு, திரையைப் பழைய இடத்துல படிய வச்சு, கிழிஞ்ச இடத்தைச் சுத்தி லேசர் சுட்டு, திரை எழும்பாம இருக்க ஒரு எண்ணெயை நிரப்பி அனுப்பினாங்க. எண்ணெய்ன்னதும் எங்க லைன் சகீனா போன்ல, "இன்னா எண்ணெய் அக்கா, நல்லெண்ணெயா, தேங்கா எண்ணெயா? சொல்லுங்க, நாங்களும் தலைக்கு வைக்கறதை நிறுத்திட்டு கண்ணுக்கு வைக்கறோம்"னு கேட்டா. அழுதுட்டு இருந்த ஃபீபி அன்னிக்குத்தான் சிரிச்சா. அது சிலிக்கான் எண்ணெயாம். நாலு மாசம் வரைக்கும் கண்ணுக்குள்ள இருக்கும். அதுக்கு மேலே விட்டு வச்சா கண்ணுல அழுத்தம் ஏறிக்கலாமாம், அதனால திரும்ப ஆபரேஷன் பண்ணி எடுத்தாகணும். தேதி குடுத்திருக்காங்க: 2026 மார்ச் 12.

பத்து நாள் அவ குப்புறப் படுக்கணும், சாப்பிடும்போதுகூட தலையைத் தொங்கப் போட்டுத்தான் இருக்கணும்னாங்க. எண்ணெய் மேலே எழும்பி பின்சுவரைத் தாங்கணுமாம். பெஞ்சு மேலே தலகாணி வச்சு, மூஞ்சி மட்டும் தொங்கற மாதிரி நடுவுல இடம் விட்டு ஏற்பாடு பண்ணினோம். நானும் பக்கத்துலயே தரையில முகங்குப்புற விழுந்து கிடந்தேன். என் வயசுக்கு அவ்வளவு நாள் தொடர்ந்து முகங்குப்புற ஜெபம் பண்ணினது அதுதான் முதல் தடவை. அவ, "அத்தை, உங்களுக்கு யாரு ஆபரேஷன் பண்ணினாங்க, எழுந்து டீ போடுங்க"ன்னா.

இப்ப வலது கண்ணுல அட்டையில மேல் மூணு வரி தெரியுது. எண்ணெய் எடுத்தா இன்னும் கொஞ்சம் தெளியலாம்னு சொல்லியிருக்காங்க. இடது கண்ணுலயும் மெலிஞ்ச இடமும் ரெண்டு சின்ன ஓட்டையும் இருந்துச்சு. பிரியறதுக்கு முன்னாடியே பார்த்துட்டதால லேசர் போட்டு அடைச்சுட்டாங்க, பத்து நிமிஷ வேலை. ஐயா, வலது கண்ணுக்கும் ஜூலையில அந்தப் பத்து நிமிஷம்தான் வேண்டியிருந்திருக்கும்.

10. இதுக்கு அப்புறம் நான் சும்மா இருக்கல. சகீனாவுக்குப் பதினோரு வருஷமா சர்க்கரை. அவளுக்கும் நான் "இல்லை"ன்னுதான் எழுதியிருந்தேன். அவ கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் மருந்து விட்டுப் பார்க்க வச்சேன். "எனக்கு நல்லாத்தானே தெரியுது, ஏன் பேஜார் பண்றீங்க"ன்னு வழி முழுக்க முணுமுணுத்தா. உள்ளே ரத்தக்குழாய் கசிய ஆரம்பிச்சிருக்கு. விட்டிருந்தா கண்ணுக்குள்ளயே ரத்தம் கொட்டி, அதுக்கும் இதே மாதிரி ஆபரேஷன் வரைக்கும் போயிருக்குமாம். இப்ப லேசர் போயிட்டு இருக்கு. அவ இப்ப என்னை விட ஜாஸ்தி பேசறா, பஸ்ல ஏறினதும் ஒவ்வொருத்தியையா, "ஒரு கண்ணை மூடு, அந்த போர்டைப் படி"ன்னு பரீட்சை வைக்கறா.

11. இப்ப விஷயத்துக்கு வர்றேன். ஃபீபி ஜனவரி 19ஆம் தேதி டாக்டர் சர்டிபிகேட்டோட வேலைக்குத் திரும்பினா. அந்தச் சர்டிபிகேட்ல சின்ன வயசுல இருந்தே பவர் ஜாஸ்தி, அப்பாவுக்கும் இதே வியாதின்னு உள்ளது உள்ளபடி எழுதியிருக்கு. பர்சனல் ஆபீசர் பாண்டியன் சார் அதையும் ஜூலை ஃபாரத்தையும் வச்சுப் பார்த்துட்டு, பிப்ரவரி 3ஆம் தேதி மெமோ குடுத்தார். கண் நோயை மறைத்து, பொய்யான தகவல் எழுதிக் கையொப்பமிட்டு, கம்பெனியை ஏமாற்றியதாக அவ மேலே குத்தம். 20ஆம் தேதி விசாரணை. அதுல குத்தம்னு முடிவானா வேலை போயிடும். ஏமாத்தினவங்கற பேரோட இந்த ஆம்பூர், வாணியம்பாடி பெல்ட்ல இன்னொரு கம்பெனி அவளைச் சேர்க்காது. வேலை போனா இ.எஸ்.ஐ. கார்டு எவ்வளவு நாளைக்குச் செல்லும்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. மார்ச் 12க்கு லீவு கேக்கவே அவ பயப்படறா. எண்ணெய் கண்ணுலயே இருந்துட்டுப் போகட்டும் அத்தை, வேலையைக் காப்பாத்திக்கறேன்னு மெமோ வந்த மறுநாள் சொன்னா. அதைக் கேட்டுட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

மூக்கு மேலே ஊதா ஃப்ரேம்ல தடிக் கண்ணாடியை மாட்டிக்கிட்டு நாலு வருஷமா அதே கேட் வழியா போய் வந்த பொண்ணு, பவரை எங்கே ஐயா மறைச்சு வைப்பா? மூஞ்சியைப் பார்க்காம தாளைப் பார்த்தா இப்படித்தான் ஆகும்.

நசீர் தம்பி என்கிட்ட தனியா வந்து, "அக்கா, ரிட்டையர்டு ஆக ரெண்டு வருஷம்தான் இருக்கு, உங்களுக்கு எதுக்கு இது"ன்னார். நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனா விசாரணையில யாராவது கேட்டா உண்மையைச் சொல்லுவேன்னும் சொல்லிட்டார்.

12. நான் சொன்னா மட்டும் நம்பிடுவாங்களா, அத்தை அண்ணன் மகளுக்காகப் பழியைத் தன் மேலே போட்டுக்கறான்னு சொல்லுவாங்க. சொல்லட்டும். அதுக்குத்தான் கையால எழுதறேன். எனக்குச் சின்ன வயசுல இருந்து ஒரு பழக்கம். எந்தத் தாள்ல எழுத ஆரம்பிச்சாலும் மேல் மூலையில ஒரு சின்னச் சிலுவை போடாம பேனா நகராது. லீவு லெட்டரோ, மளிகைச் சீட்டோ, எதுவானாலும். இந்த மனுவிலயும் முதல் பக்கத்துல மேலே பாருங்க, இருக்கும்.

கம்பெனி பெட்டியில இருக்கற முப்பத்தெட்டு ஃபாரத்துலயும் அதே சிலுவை அதே மூலையில இருக்கு. ஃபீபி ஃபாரத்துல மட்டும் இல்ல. சகீனா ஃபாரத்துல இருக்கு. பில்கிஸ் ஃபாரத்துல இருக்கு. அஃப்ரோஸ் ஃபாரத்துல இருக்கு. அஞ்சு வேளை தொழற பொண்ணுங்க சிலுவை போட்டுட்டா ஃபாரம் எழுதுவாங்க? பாண்டியன் சார் ஒரு ஃபாரத்தை மட்டும்தான் எடுத்துப் பார்த்திருக்கார். கட்டைப் பிரிச்சு ரெண்டாவதை எடுத்திருந்தாலே விளங்கியிருக்கும். ஒத்தையைப் பார்த்து முடிவு பண்ணக் கூடாதுன்னு ஷூ கம்பெனிக்காரங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கு.

13. ஆகவே ஐயா, நான் தங்களைக் கேட்டுக்கறது:

அந்த 38 ஃபாரத்தையும் 20ஆம் தேதிக்கு முன்னாடி தங்கள் அதிகாரி ஒருத்தரை அனுப்பி வரவழைச்சு, இந்த மனுவோட பக்கத்துல வச்சுப் பார்க்கணும். ஃபீபி மேலே இருக்கற குத்தத்தை எடுத்துட்டு, மார்ச் 12 ஆபரேஷனுக்கு லீவு தரச் சொல்லணும். கண்ணு தேறி வர்ற வரைக்கும் ஊசி வேலை இல்லாத மேஜை வேலை தரச் சொல்லணும்; என் மேஜையிலயே இடம் இருக்கு. அடுத்தவங்க பேர்ல கையெழுத்துப் போட்டது தப்பு. அதுக்கு விசாரணை வச்சா என் மேலே வைக்கட்டும். வர்றேன், நின்னு பதில் சொல்றேன்.

இந்தச் சுத்துவட்டாரத்துக் கம்பெனிகள்ல கண் முகாம்னா மருந்து விட்டு, ஒவ்வொரு கண்ணா பார்க்கணும்னு தாங்கள் ஒரு உத்தரவு போடணும். ஒரே நாள்ல எல்லாருக்கும் விட வேணாம். நாளைக்கு அஞ்சு பேருன்னு ஷிப்ட் முடியற நேரத்துல விட்டா லைனும் நிக்காது, கம்பெனி பஸ்ல பத்திரமா வீட்டுக்கும் போயிடலாம். இதை நானும் சகீனாவும் கணக்குப் போட்டுப் பார்த்தோம், எட்டு நாள்ல எங்க லைன் முடிஞ்சுடும். அந்த அஞ்சு கேள்வியை அவங்கவங்க வாயால பதில் சொல்ல வைக்கணும். மின்னல், கருப்புப் பொடி, திரை, இந்த மூணுல எதை ஒருத்தி சொன்னாலும் ஃபைலைத் தேடாம அன்னிக்கே கேட் பாஸ் தரணும்.

இது தங்களால ஆகும்னு எனக்குச் சந்தேகமே இல்ல. ஆகாத எடத்துல நான் போய் நின்னு பழக்கம் இல்ல. இதுவரைக்கும் எழுதினதோட நகலை சனிக்கிழமையே பாண்டியன் சார் கையில குடுத்து, வாங்கினேன்னு கையெழுத்தும் வாங்கிட்டேன். "எதுக்கும்மா இதெல்லாம்"னு கேட்டார். படிச்சுப் பாருங்க சார், எழுத்து நல்லா இருக்கும்னு சொல்லிட்டு வந்தேன்.

வலதும் இடதும் ஒரே தோல்ல வெட்டினதான்னு பார்த்துச் சொல்றது இருபத்தேழு வருஷமா என் வேலை. இன்னிக்கு ஒரு பக்கம் அந்த ஃபாரம், ஒரு பக்கம் இந்த மனு. ஜோடியான்னு தாங்கள் பார்த்துச் சொல்லுங்க.

தங்கள் நீதியை நம்பி,

இடம்: மாதனூர்
நாள்: 09.02.2026

(ஒப்பம்)
ஆ. தேவகிருபை
டோக்கன் எண் 1164

இணைப்பு:
(அ) கம்பெனி பேர், விலாசம் – தனித் தாள்.
(ஆ) 03.02.2026 மெமோ நகல்.
(இ) ஃபீபியின் ஆபரேஷன் சீட்டு, மார்ச் 12 தேதிச் சீட்டு – நகல்.
(ஈ) அதே அஞ்சு கேள்விக்கு எங்க லைன் 38 பேரும் அவங்கவங்க கையால எழுதின புதுப் பதில்கள். உருதுவில இருக்கற பதினாலு தாளுக்கு சகீனா படிச்சுச் சொல்ல வர்றா. சர்க்கரை இருக்குன்னு ஒன்பது பேர், பவர் ஆறுக்கு மேலேன்னு நாலு பேர், மின்னல் தெரியுதுன்னு ஒருத்தி எழுதியிருக்காங்க. மின்னல்காரியை அன்னிக்கே வேலூருக்கு அனுப்பிட்டோம். சிலுவை ஒரே ஒரு தாள்லதான் இருக்கும், முதல் தாள். அது என்னோடது. ரெண்டாவது கேள்விக்கு ஜூலையில எனக்கும் "இல்லை"ன்னுதான் எழுதியிருந்தேன். இதுல எழுதியிருக்கேன்: சர்க்கரை – இருக்கு, ஆறு வருஷமா.